வற்றாத ஊற்றா தாய்மை?

தாயைப் புகழாத மொழி உலகில் இல்லை. நம் தமிழில் அந்தப் புகழ்ச்சிக்கென்றே சில சொற்கள் எந்நேரமும் கைவசம் இருக்கின்றன. கடல் என்பார்கள், வானம் என்பார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக, வற்றாத ஊற்று என்பார்கள். மேடையில் சொற்பொழிவாளர் அதைச் சொல்லும்போது கேட்பவர்கள் கண் கலங்குவார்கள். கூட்டம் முடிந்து வீடு திரும்பியதும் அந்த ஊற்றிடம் ஒரு குவளைத் தேநீர் கேட்பார்கள்.

இந்தச் சொல்லைச் சற்றே நிறுத்திவைத்து ஆராய விரும்புகிறேன். ஒன்றை வற்றாதது என்று சொல்லிவிட்டால், அதன்பின் அதை யாரும் அளப்பதில்லை. அரிசியைப் படி போட்டு அளக்கிறோம். எண்ணெயைக் கரண்டியால் அளக்கிறோம். காற்றை அளப்பார் இல்லை. ஆகவே, புகழ்ச்சியாக ஒலிக்கும் இந்தச் சொல், இனிக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை என்று குடும்பம் தனக்குத் தானே எழுதிக்கொள்ளும் அனுமதிச் சீட்டாகவும் ஆகிவிடுகிறது. இது அந்தத் தாய்க்கு நியாயமா? அவள் மடியில் வளரும் பிள்ளைகளுக்கேனும் நன்மையா?

நான் வாழ்வது மீஞ்சூரில். எண்ணூரின் துறைமுகமும் அனல் மின் நிலையங்களும் ஒருபுறம், பொன்னேரி வயல்கள் மறுபுறம்; இடையில் கும்மிடிப்பூண்டி செல்லும் மின்சார ரயில் நின்று போகும் ஊர். வற்றாத ஊற்று என்று யாராவது சொன்னால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் உடனே தலையாட்ட மாட்டார்கள். அதற்குக் காரணம் உண்டு.

ஆரணியாறும் கொசஸ்தலையாறும் நெடுங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த மணலின் அடியில், இந்த வட்டாரம் முழுவதும் நல்ல தண்ணீர் நிறைந்திருந்தது. 1960களின் பிற்பகுதியில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் துணையோடு இந்த நிலத்தடி நீரை ஆராய்ந்தார்கள். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் முதலிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் அமைந்தன. சென்னை மாநகரின் தாகத்துக்கும் மணலித் தொழிற்சாலைகளின் தேவைக்கும் இங்கிருந்து தண்ணீர் போயிற்று. உழவர்களின் பம்பு செட்டுகளும் இறைத்தன. கொடுத்தது, மேலும் கேட்டார்கள், மேலும் கொடுத்தது.

கடலோர மண்ணில் நல்ல தண்ணீருக்கு ஒரு மறைமுகமான வேலை இருக்கிறது. அது தன் எடையால் கடலை நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கும். அந்த அழுத்தம் உள்ளவரை கடல் தன் எல்லைக்குள் நிற்கும். மழை திரும்பத் தருவதைவிட மிகுதியாக மனிதன் இறைத்துவிட்டால் அழுத்தம் குறைகிறது. அப்போது, கண்ணுக்குத் தெரியாமல், மண்ணுக்கு அடியிலேயே கடல் உள்ளே நடந்து வருகிறது. 1969ஆம் ஆண்டளவில் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் வரை உவர் நீர் வந்திருந்ததாகப் பதிவு உண்டு. பின்னர் அது 10 கிலோமீட்டரையும் தாண்டிவிட்டது. 2010ஆம் ஆண்டில் காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்று திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தண்ணீர் தரும் வகையில் அமைந்த அந்த நிலையத்துக்கு மீஞ்சூர் நிலையம் என்றுதான் பெயர். தண்ணீர் போவது சென்னைக் குடிநீர் வாரியத்துக்கு. பெயர் எங்களுடையது என்று நாங்கள் மகிழ்ந்துகொள்ளலாம்.

இதில் நான் வாசகர்களைக் கவனிக்கச் சொல்வது ஒன்றே ஒன்றுதான். கிணறுகள் வற்றிவிடவில்லை. வற்றியிருந்தால் எல்லாரும் உடனே அறிந்திருப்பார்கள், கூச்சல் எழுந்திருக்கும். கயிறு இறங்கிற்று, வாளி நிறைந்து மேலே வந்தது, தண்ணீர் எப்போதும் போலவே தெளிவாக இருந்தது. வாயில் வைத்த பிறகே உப்புத் தெரிந்தது.

தாயும் அப்படித்தான். தாய்மை வற்றுவதில்லை என்று சொல்கிறவர்கள் ஒரு வகையில் உண்மையைத்தான் சொல்கிறார்கள். எத்தனை களைத்தாலும் அவள் எழுந்து அடுப்பு மூட்டுவாள். காய்ச்சலில் கிடந்தாலும் பிள்ளையின் காலுறையைத் தேடி எடுத்துத் தருவாள். வாளி நிறைந்தே வரும். ஆனால் சுவை மாறியிருக்கும். “உங்களுக்காகத்தானே இத்தனையும்” என்ற சொல் அவள் வாயில் வரத் தொடங்கும். சிறிய குற்றத்துக்குப் பெரிய கோபம் வரும். பிள்ளை சிரிக்கும்போது கூடச் சிரிக்காமல், சிந்திய பாலைத் துடைப்பாள். வீட்டார் இதைப் பார்த்து, “வயசாகுதில்லே, அதான் எரிச்சல்” என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். வயதின்மேல் பழி போடுவதில் ஒரு வசதி இருக்கிறது: வயதைக் கொண்டுவந்தவர் யாரும் அந்த வீட்டில் இல்லை. உப்பைக் கொண்டுவந்தவர்கள் இருக்கிறார்கள்.

எனக்கு இப்போது 41 வயது. மகளுக்கு ஏழு, மகனுக்கு நான்கு. ஊசியில் நூல் கோக்க வேண்டுமானால் மகளைக் கூப்பிடுகிறேன். ஸஜ்தாவிலிருந்து எழும்போது முழங்கால் தன் இருப்பைத் தெரிவிக்கிறது. மகனோ உலகத்தை இப்போதுதான் கேள்வி கேட்கத் தொடங்கியிருக்கிறான். அவனுடைய அத்தா துறைமுகத்தில் ஷிப்டு வேலை பார்ப்பவர். ஆகவே அவன் கேள்விகளில் கப்பல் அதிகம் வரும். “அம்மா, கப்பல் ராத்திரி எங்கே தூங்கும்?” என்பான். தண்ணீரிலேயே தூங்கும் என்றால், “அதுக்குக் குளிராதா?” என்பான். இத்தகைய கேள்வி ஒரு நாளைக்கு ஐம்பது வரும். முதல் பத்துக்கு நான் மகிழ்ந்து விடை சொல்வேன். அடுத்த இருபதுக்கு விடை மட்டும் சொல்வேன். அதற்குப் பின் வருகிற கேள்விகள், உண்மையில், முதல் பத்தைவிட அழகானவையாக இருக்கும்; அவன் மனம் அப்போதுதான் சூடு பிடித்திருக்கும். அந்த நேரத்தில் நான் கொல்லையில் துணி அலசிக்கொண்டு, “போய் விளையாடு” என்று சொல்லிக்கொண்டிருப்பேன். தாயை அளவின்றி இறைப்பதால் பிள்ளை எதை இழக்கிறது என்று கேட்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன். அவனுக்குச் சோறு குறையவில்லை, துணி குறையவில்லை. நாற்பதாவது கேள்விக்கு விடைதான் கிடைக்கவில்லை.

அளவைப் பற்றிப் பேசுவதால், அளந்தவர்கள் சொன்னதையும் கேட்போம். 2019இல் மைய அரசு நாடு முழுவதும், மக்கள் தம் நேரத்தை எவ்வாறு செலவிடுகிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்கள் செலவிட்டார்கள். அவ்வேலையில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடங்கள். அதிலும், அத்தகைய வேலையில் ஒரு நாளில் கை வைத்தவர்கள் பெண்களில் 100க்கு 81 பேர். ஆண்களில் 26 பேர். இந்த எண்களைக் கொண்டு ஆண்களைக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. இரவு ஷிப்டு முடித்துவிட்டுச் சிவந்த கண்களோடு வருகிற மனிதனையும் நான் தினமும் பார்க்கிறேன். அவருக்கு வாரத்தில் ஒரு நாள் விடுப்பு என்று எழுத்தில் இருக்கிறது. அடுப்படிக்கு அத்தகைய தாள் எதுவும் எழுதப்படவில்லை என்பதை மட்டுமே சொல்கிறேன். தமிழ்நாட்டில் அரசுப் பணியிலுள்ள பெண்களுக்கு மகப்பேறு விடுப்பு 2021 முதல் 12 மாதங்களாக உயர்ந்தது, வரவேற்கத்தக்க செயல். அந்த விடுப்பும் அலுவலகத்திலிருந்துதான்.

“தாய் போய்க் கணக்குப் பார்ப்பதா?” என்ற எதிர்ப்பு இங்கே எழும். என் மாமியாரே இதை எழுப்பினார். அவர் பழவேற்காட்டில் பிறந்தவர். ஆறு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர். “நாங்க என்ன கணக்கு வெச்சா புள்ளை வளத்தோம்?” என்று கேட்டார். அவருடைய கேள்வியை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. அன்பும் கணக்கும் ஒரே பெட்டியில் இருந்தால் அன்பு கெட்டுப்போகும் என்பது அவர் கருத்து. தன் குழந்தைக்கு ஊட்டிய கவளங்களை எண்ணி வைத்திருக்கும் தாயை நாம் யாரும் விரும்ப மாட்டோம்.

ஆனால் அவரோடு மெல்லப் பேசிக்கொண்டிருந்தபோது வேறொரு செய்தி வெளிவந்தது. அவர் பிள்ளைகளை வளர்த்த வீட்டில் மாமியார் இருந்தார், கணவரின் விதவைத் தமக்கை இருந்தார், மணமாகாத நாத்தனார் இருவர் இருந்தனர். குழந்தை ஓர் இடுப்பிலிருந்து இறங்கினால் மற்றோர் இடுப்பில் ஏறிக்கொள்ளும். பகலில் தன் பிள்ளை எந்த அறையில் இருக்கிறது என்று தெரியாமலே சில மணி நேரம் போனதுண்டு என்று சிரித்துக்கொண்டே சொன்னார். ஒரே கிணற்றில் இறைத்தால் அளவு தெரியும். ஐந்து கிணற்றில் மாறி மாறி இறைத்தால் அளவு பார்க்கவே தேவை இராது. அவர்கள் கணக்குப் பாராமல் வளர்த்ததற்கு அன்பின் பெருமை மட்டும் காரணமன்று. (அந்தக் கூட்டு வீட்டில் பெண்களின் மனத்தாங்கல்களும் ஐந்து மடங்காக இருந்தன என்பதையும் அவரே சொன்னார், பழைய காலத்தைப் பொற்காலமாக்கி எழுதுவதில் எனக்கு ஆசை இல்லை.) இன்று மூன்று அறை வீட்டில் ஒருத்தி இருக்கிறாள். ஐந்து பேர் செய்ததை அவளிடம் கேட்டுவிட்டு, அன்று யாரும் கணக்குப் பார்க்கவில்லையே என்றால் அது எப்படி ஒப்பீடாகும்?

நம் மார்க்கமும் இந்தக் காரியத்தை அளவில்லாத உணர்ச்சிக்கு விட்டுவிடவில்லை என்பது என்னைப் பல நாள் சிந்திக்க வைத்தது. திருமறையின் இரண்டாம் அத்தியாயம் 233ஆம் வசனத்தில் பாலூட்டுதல் பற்றிய சட்டம் வருகிறது. முழுமையாக்க விரும்புவோருக்கு இரண்டு ஆண்டுகள் என்று அங்கே கால எல்லை சொல்லப்படுகிறது. தாயின் உணவும் உடையும் தந்தையின் பொறுப்பாகின்றன. எவரும் தம் சக்திக்கு மேல் சுமத்தப்படலாகாது என்றும், பிள்ளையின் பொருட்டுத் தாய்க்குத் தீங்கு நேரலாகாது, தந்தைக்கும் நேரலாகாது என்றும் அதே வசனம் கூறுகிறது. முன்னதாகப் பால் மறக்கடிக்க வேண்டுமானால் இருவரும் கலந்து பேசி மனமொப்பிச் செய்யலாம். வேறொரு செவிலியை அமர்த்தவும் இடமுண்டு. மணவிலக்குப் பெற்ற தாயை முன்னிட்டு வந்த சட்டம் என்று விரிவுரையாளர்களில் பலர் கூறுவர். இருக்கட்டும். பிரிந்து போன மனைவிக்கே இவ்வளவு காப்பு என்றால், சேர்ந்து வாழ்கிறவளுக்குக் குறைவாகவா இருக்க வேண்டும்? தாய்மையின் மிக அந்தரங்கமான செயலான பாலூட்டலைப் பற்றிய இடத்திலேயே காலம், பொறுப்பு, சக்தி, கலந்தாலோசனை என்ற நான்கும் பேசப்படுகின்றன. இவை கணக்கின் சொற்கள் அல்லவா? அன்பு அங்கே கெட்டுப்போகவில்லை.

உடலும் தன் போக்கில் ஒரு பேரேடு வைத்திருக்கிறது. பால் கொடுக்கும் மாதங்களில், குழந்தைக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்துக்காகத் தாயின் எலும்பே கரைந்து கொடுக்கிறது. எலும்பின் திண்மை 3 முதல் 5 விழுக்காடு வரை குறையக்கூடும் என்று மருத்துவர்கள் அளந்திருக்கிறார்கள். பால் மறந்தபின், பெரும்பாலான தாய்மார்களுக்கு அது சில மாதங்களில் திரும்ப நிரம்பிவிடுகிறது. எடுத்த இடத்தில் வைப்பதற்கு ஒரு காலத்தை உடல் ஒதுக்குகிறது. மாதவிடாய் நின்றபின் ஏற்படும் குறைவு அப்படித் தானாக நிரம்புவதில்லை. இளமையில் மழை உண்டு. பின்னால் மழை அரிதாகும். கொடுப்பதற்கும் மீள்வதற்கும் இடையிலுள்ள இந்த ஒழுங்கை எலும்பு அறிந்திருக்கிறது. வீடு இன்னும் அறியவில்லை.

கணக்கு என்றதும் கடன் என்ற சொல்லும் கூடவே வரும். பெற்ற கடன், பால் கடன், வளர்த்த கடன் என்று பேசுகிறோம். இந்தச் சொல்லாட்சியில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. கடன் என்றால் வாங்கியவனுக்கு வாங்கியது தெரிந்திருக்க வேண்டும். மனிதன் வளர்ந்தபின் தன் வாழ்வில் பின்னோக்கிப் போனால், பெரும்பாலும் மூன்று, மூன்றரை வயதோடு நினைவின் பாதை நின்றுவிடுகிறது. அதற்கு முந்தியவை மங்கலாகக்கூட இல்லை. ஆனால் தாய் மிகுதியாகக் கொடுத்த ஆண்டுகள் எவை? இரவு நான்கு முறை எழுந்தது, மார்பு புண்ணாகியும் பாலூட்டியது, பேதி கண்ட குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு விடியும்வரை சுவரில் சாய்ந்திருந்தது எல்லாம் அந்த நினைவில்லாத ஆண்டுகளில் நிகழ்ந்தவை. கொடுத்தவளுக்கு மட்டும் தெரியும். பெற்றவனுக்கு ஒரு போதும் தெரியப்போவதில்லை. இப்படி ஒரு கடனை எந்த நீதிமன்றம் ஏற்கும்?

தமிழிலே பிள்ளைத்தமிழ் என்றோர் இலக்கிய வகை இருப்பதை நினைத்துப் பார்க்கிறேன். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று தொடங்கிப் பத்துப் பருவங்கள். குழந்தையின் மூன்றாம் மாதத்திலிருந்து இருபத்தொன்றாம் மாதம் வரை என்று இலக்கணம் வகுத்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் மீதும் இறைநேசர்கள் மீதும் நம் புலவர்கள் பலர் பிள்ளைத்தமிழ் பாடியிருக்கிறார்கள். அந்தப் பத்தொன்பது மாதங்களும் எவை என்று பாருங்கள்! தலைவனுக்குத் தன் வாழ்வில் சற்றும் நினைவிராத மாதங்கள். தால் ஆட்டியதையும், கை தட்டப் பழக்கியதையும், நிலவைக் காட்டியதையும் பாட வேண்டுமானால் புலவன் தாயாகத்தான் ஆக வேண்டும். ஏனென்றால் சாட்சி அவள் ஒருத்திதான்.

நாயகம் அவர்களின் வரலாற்றிலேயே இதற்குப் பொருத்தமான ஒரு நிகழ்ச்சி உண்டு. ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, கி.பி. 630இல், ஹுனைன் போரில் சிறைப்பட்டவர்களிடையே ஷைமா என்ற முதிய பெண்மணி இருந்தார். தாம் நபிகளின் பால்குடிச் சகோதரி என்றார் அவர். ஹலீமா அம்மையாரின் மகள். பாலைவனத்தில் குழந்தை முஹம்மதைத் தூக்கி வளர்த்தவர். நபிகளிடம் கொண்டுவரப்பட்டபோது, அதற்கு என்ன அடையாளம் என்று கேட்கப்பட்டது. நான் உங்களைச் சுமந்திருந்தபோது நீங்கள் கடித்த தழும்பு என் உடலில் இருக்கிறது என்று அவர் காட்டினார் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். நாயகம் அவர்கள் அதை அறிந்துகொண்டு, தம் மேலாடையை விரித்து அவரை அதில் அமரச் செய்தார்கள்.

மேலாடை விரித்ததைத்தான் சொற்பொழிவுகளில் அழுத்திச் சொல்வார்கள். என் மனம் தழும்பிலேயே நிற்கிறது. கடித்தது குழந்தை, ஏறத்தாழ அறுபது ஆண்டுகளாக அதைச் சுமந்திருந்தது அந்தப் பெண்ணின் உடல். சான்று பெற்றவரின் நினைவில் இல்லை. கொடுத்தவரின் தோலில் இருந்தது. அடுத்து நிகழ்ந்ததும் கவனிக்கத்தக்கது. என்னோடு மதிப்போடு தங்குகிறீர்களா, உங்கள் மக்களிடம் திரும்புகிறீர்களா என்று அவரிடமே கேட்கப்பட்டது. தம் மக்களிடம் போகவே அவர் விரும்பினார், பரிசுகளோடு அனுப்பிவைத்தார்கள். கடன் அடைத்த பேச்சு அங்கே இல்லை. தழும்பு பார்க்கப்பட்டது, பிறகு விருப்பம் கேட்கப்பட்டது. நம் வீடுகளில் முதிய தாய்க்கு மேலாடை விரிக்கிற மகன்கள் உண்டு. அல்ஹம்துலில்லாஹ். எங்கே இருக்க விரும்புகிறீர்கள் என்று கேட்கிறவர்கள் எத்தனை பேர்? ஆறு மாதம் மூத்தவன் வீடு, ஆறு மாதம் இளையவன் வீடு என்று பிள்ளைகள் தமக்குள் பேசி முடித்துவிட்டு, பெட்டியைக் கட்டச் சொல்கிறார்கள்.

2007இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. பிள்ளைகள் கைவிட்டால் மாதம் 10,000 ரூபாய் வரை வழங்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிடலாம் என்று அதில் வகை செய்தார்கள். தெருவில் நிற்கும் தாய்க்கு அது பெரிய துணை; மறுப்பதற்கில்லை. ஆயினும் சட்டம் வருகிற நேரத்தைப் பாருங்கள். எல்லாம் இறைத்து முடிந்து, உப்பு ஏறிய பிறகு, கோட்டைக் கடைசியில் போடுகிறது. என் அக்கறை அதற்கு முப்பது ஆண்டு முந்தியது. அவள் இளையவளாக இருக்கும்போது, பிள்ளைகளுக்கு நினைவே பிறக்காத அந்த ஆண்டுகளில், வீட்டில் விவரம் தெரிந்தவர்களாக இருப்பவர்கள் யார்? கணவர், மாமியார், மாமனார், கூடப் பிறந்தவர்கள். பிள்ளை பின்னால் வந்து நன்றி காட்டும் என்று அந்தப் பொறுப்பைக் குழந்தையின் பேரில் எழுதிவைக்க அவர்களுக்கு உரிமை கிடையாது.

திருமறையின் 46ஆம் அத்தியாயத்தில் ஒரு வசனம், தாய் சுமந்ததும் பால் மறக்கடித்ததும் சேர்ந்து முப்பது மாதங்கள் என்று கூறிவிட்டு, அதே மூச்சில் அந்தப் பிள்ளை நாற்பது வயதை அடைவதைப் பேசுகிறது. அப்போது அவன் தன் பெற்றோருக்கும் தனக்கும் கிடைத்த அருளுக்கு நன்றி செலுத்தும் ஆற்றலையும், தன் சந்ததியின் நன்மையையும் வேண்டுகிறான். முப்பது மாதத்திலிருந்து நாற்பது ஆண்டுக்கு ஒரே தாவல். இடையில் அவன் முழு வலிமை அடைவதைத் தவிர வேறெதுவும் சொல்லப்படவில்லை. சிறு வயதில் இதை ஓதியபோது அந்தத் தாவலின் பொருள் எனக்கு எட்டவில்லை. இப்போது அந்த வயதில் நிற்கிறேன். ஒரு பக்கம் மகன் கப்பலின் தூக்கத்தைப் பற்றிக் கேட்கிறான். மறு பக்கம், பொன்னேரியிலிருந்து என் அம்மா தொலைபேசியில், வந்து பார்க்கவில்லையென்று கடிந்துகொள்கிறார். எழுபதைக் கடந்த அந்தக் குரலில் உள்ள கரிப்பை வயதின் கரிப்பு என்று என்னால் தள்ள முடிவதில்லை. நாங்கள் நான்கு பிள்ளைகள். அத்தா வெளியூர்ப் பணியில் இருந்தார். அந்த வீட்டில் ஒரே கிணறு.

எங்கள் பகுதியில் ஆறுகளின் குறுக்கே தடுப்பணைகள் கட்டியிருக்கிறார்கள். 2003இல் வீடுதோறும் மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். மழையை ஓடவிடாமல் நிறுத்தி, மண்ணுக்குள் இறங்கக் காத்திருப்பதுதான் முறை. உப்பு ஏறிய நிலம் மீளலாம். ஆனால் வந்த வேகத்தில் உப்பு போகாது. தாய்க்கு அந்த மழை எது? அன்னையர் தினப் பரிசு அன்று. புடைவை அன்று. அவள் பெயரால் யாரும் கூப்பிடாத சிறிது நேரம் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டில் இதற்கு ஓர் ஏற்பாடு வந்தது. விடுப்புள்ள ஞாயிறுகளில் காலையில் அவர் இரு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு ரயில் நிலையத்துக்குப் போய்விடுவார். விரைவு வண்டிகள் நிற்காமல் பாய்ந்து போவதைப் பார்ப்பது மகனுக்குப் பெருவிருந்து. ஒன்றரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் என்ன செய்கிறாய் என்று அண்டை வீட்டுப் பெண்கள் கேட்டார்கள். ஒன்றும் செய்வதில்லை என்றேன், நம்பவில்லை. முதல் சில வாரங்கள் உண்மையாகவே ஒன்றும் செய்யாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். மகன் திரும்பி வந்து எத்தனை பெட்டி எண்ணினான் என்று சொல்லும்போது, இருபத்துநாலாவது பெட்டிவரை கேட்க முடிந்தது.

பிறகு மாமியார் ஒரு நாள் தம் பெட்டியிலிருந்து பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். அவருடைய உம்மா அரபுத்தமிழில் எழுதியது. அரபு எழுத்தில் தமிழை எழுதும் அந்த முறையைப் பழவேற்காட்டுப் பெண்கள் அந்தக் காலத்தில் வீட்டிலேயே கற்றார்கள். அரபியில் இல்லாத நம் ஓசைகளுக்கு, இருக்கும் எழுத்தோடு புள்ளி சேர்த்துப் புது எழுத்து அமைத்திருக்கிறார்கள். எனக்கு ஓதத் தெரியும். இதைப் படிக்கத் தெரியாது. மாமியார் விரல் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறார். ஞாயிறுதோறும் இரண்டு பக்கம். பிள்ளை பிறந்த நாள்கள், அம்மை கண்ட நாள், முதல் பல், பால் மறக்கடித்த மாதம், அரிசி விலை, கை மாற்று வாங்கியது, எல்லாம் ஒரே வரிசையில் இருக்கின்றன. “இவ்வளவு கணக்கு வைத்திருக்கிறார்களே, மாமி” என்றேன். அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அடுத்த வரியைப் படிக்கச் சொன்னார்.

சென்ற வாரம் ஒரு வரி வந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். இன்று மழை, யாரும் எழுப்பவில்லை, அஸர் வரை உறங்கினேன் என்று இருந்தது. அதற்கு மேலும் கீழும் பிள்ளைகளைப் பற்றிய குறிப்புகள். மாமியார் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். அந்த ஆண்டைக் கொண்டு பார்த்தால் அப்போது அவருக்கு இரண்டு வயது இருக்கும்.

“அன்னிக்கு என்னை யார் பாத்துக்கிட்டாங்கன்னு எழுதியிருக்கா, பாரு” என்றார்.

பக்கத்தைத் திருப்பினேன். எண்ணெய்ச் செலவு தொடங்கியிருந்தது.